அடுத்த முறை விமானம் நின்றால் நம் கரைக்கு யார் சோறு போடுவார்கள்?

கரையோரன் (துரூ தோ தூஸ்) தொடங்கிய இழை

2024இல் ஏறக்குறைய 13 லட்சத்து 82 ஆயிரம் வெளிநாட்டினர் மொரிசியஸுக்கு வந்தார்கள். 2019இன் எண்ணிக்கையை எட்டிப் பிடித்துவிட்டோம் என்று பார்ப்பவரெல்லாம் நிம்மதியாகப் பேசுகிறார்கள். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. எட்டிப் பிடித்தது பயணிகளின் எண்ணிக்கையைத்தான். வராமல் போன காலத்தில் நமக்கு என்ன நேர்ந்தது என்பதை ஒருவரும் உட்கார்ந்து பேசவில்லை.

2020 மார்ச் 18 அன்று நாட்டின் முதல் மூன்று கோவிட் தொற்றுகள் அறிவிக்கப்பட்டன. அடுத்த நாளே எல்லை மூடப்பட்டது. அந்த ஆண்டு மொத்தமாக வந்தவர்கள் சுமார் 3 லட்சத்து 9 ஆயிரம் பேர், அவர்களில் பெரும்பாலோர் மார்ச்சுக்கு முன்பே வந்து போனவர்கள். 2021 இன்னும் மோசம்: 1 லட்சத்து 80 ஆயிரம். 2019இல் 6,300 கோடி மொரிசியஸ் ரூபாய் கொண்டுவந்த தொழில், அடுத்த ஆண்டில் 1,800 கோடியைக்கூடத் தொடவில்லை. நாட்டின் மொத்த உற்பத்தி ஒரே ஆண்டில் ஏறத்தாழ 15 விழுக்காடு சரிந்தது. ஏர் மொரிசியஸ் விமான நிறுவனம் நொடித்துப்போகும் நிலையில் 2020 ஏப்ரல் 22 அன்று மீட்பு நிர்வாகிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டது.

என் தந்தை இல் ஓ செர்ஃப் தீவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகோட்டி. ஓடாத படகுக்குச் செலவே இல்லை என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். என்ஜினை அவ்வப்போது நல்ல தண்ணீரில் ஓட்டாவிட்டால் உள்ளே உப்புப் பூத்துப் பிடித்துக்கொள்ளும். அதற்கு எரிபொருள் வேண்டும். ஃபைபர் உடல் வெயிலில் வெடிக்காமல் இருக்க மூடிவைக்க வேண்டும். காப்பீட்டுத் தவணை, வங்கித் தவணை, உரிமக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வாசலில் வந்து நிற்கும். இதற்கெல்லாம் முகம் கொடுக்க, சுயதொழில் செய்வோருக்கான உதவியாக அரசு தந்தது மாதம் 5,100 ரூபாய். அப்போது உறுதிசெய்யப்பட்ட குறைந்தபட்ச மாத வருமானமே 10,200 ரூபாய். அதில் சரிபாதி!

அதே ஆண்டில் மத்திய வங்கி 8,000 கோடி ரூபாய் ஒதுக்கி மொரிசியஸ் முதலீட்டுக் கழகத்தைத் தொடங்கியது. அந்தப் பணம் பெரிய நிறுவனங்களுக்கு, முக்கியமாக ஹோட்டல் குழுமங்களுக்கு, பின்னாளில் பங்குகளாக மாற்றிக்கொள்ளத்தக்க கடன்பத்திரங்களாகப் போனது. ஹோட்டல்களைக் காப்பாற்றியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களும் இந்தத் தொழிலில்தான் வாழ்கிறார்கள் என்பதே என் பேச்சு. படகோட்டி, டாக்சி ஓட்டுநர், கடற்கரையில் துணி விற்கும் பெண், இரவில் ஹோட்டல்களில் நம் தீவின் செகா நடனம் ஆடப் போகும் குழு, ஹோட்டலுக்குக் காய்கறி போடும் தோட்டக்காரர். அடுத்த முறை இவர்களுக்கு என்ன ஏற்பாடு? பதில் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை (ரோஸ் ஹில்)

கரையோரன் தம்பி, எண்களில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பணம் ஏன் ஹோட்டல் வழியாகப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். மேற்குக் கரையில் ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவில் அப்போது இருந்தேன். ஊதிய உதவித் திட்டத்தில் மாதம் 50,000 ரூபாய் வரை சம்பளம் பெறுவோருக்கு, அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அரசு ஈடுகட்டியது. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே பணம் வரத் தொடங்கியது. காரணம், எங்களிடம் பெயர், அடையாள எண், வங்கிக் கணக்கு எல்லாம் அடங்கிய பட்டியல் தயாராக இருந்தது. ஊரடங்கில் அதிகாரிகள் வீடு வீடாகப் போய் யார் படகோட்டி, யார் வியாபாரி என்று விசாரிக்க முடியுமா?

இன்னொன்று. 2021 அக்டோபர் 1 அன்று எல்லை முழுவதும் திறந்தபோது ஹோட்டல்கள் கடனில் மூழ்கி ஏலத்துக்குப் போயிருந்தால், உங்கள் தந்தையின் படகில் ஏற யார் வந்திருப்பார்கள்? முதலில் அடிமரத்தைக் காப்பாற்றினார்கள். கிளைக்குப் போதவில்லை என்பது உண்மைதான்.

என் வருத்தம் வேறு. நாம் மிகவும் தாமதமாகத் திறந்தோம். மாலத்தீவு 2020 ஜூலை 15 அன்றே திறந்தது. 2021இல் 13 லட்சம் பேருக்கு மேல் அங்கே போனார்கள். நாம் அந்த ஆண்டின் பெரும்பகுதியைப் பூட்டிய கதவோடு கழித்தோம்.

அலைமகள் (ஃபிளிக் ஆன் ஃபிளாக்)

கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு வணக்கம். பட்டியலில் பெயர் இருந்தவள் நான். அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் வேலை. அடிப்படைச் சம்பளம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீடு அடிப்படைச் சம்பளத்தில் ஓடியதே இல்லை. சேவைக் கட்டணத்தில் எங்கள் பங்கு, கூடுதல் நேர ஊதியம், அறையில் விருந்தினர் வைத்துவிட்டுப் போகும் பணம் இவை மூன்றும் சேர்ந்தால்தான் வீட்டுக் கடன் தவணையும் பிள்ளைகளின் டியூஷன் பணமும் கட்டலாம். மூன்றும் ஒரே நாளில் நின்றன.

பிறகு எங்கள் ஹோட்டல் தனிமைப்படுத்தும் மையமானது. முகக் கவசமும் பாதுகாப்பு உடையும் மாட்டிக்கொண்டு, கதவுக்கு வெளியே உணவுப் பெட்டியை வைத்துவிட்டுத் தட்டிவிட்டு நகர்வோம். வீட்டுக்குப் போனால் மாமியாருக்குத் தொற்றிவிடுமோ என்று பயம். அந்த மாதங்களில் எங்களை யாரும் விருந்தோம்பலின் முகம் என்று அழைக்கவில்லை.

தாமதமாகத் திறந்தோம் என்று ஐயா எழுதியிருக்கிறார். மாலத்தீவில் ஒரு தீவுக்கு ஒரு விடுதி. வந்தவர் ஊருக்குள் கால் வைக்காமலே திரும்பலாம். இங்கே ஹோட்டல் சுவருக்கு அடுத்து எங்கள் தெரு. முதல் அலையில் இந்த நாட்டில் இறந்தவர்கள் 10 பேர். திறந்த பின் 2021 நவம்பரிலும் டிசம்பரிலும் நூற்றுக்கணக்கானோரைப் பறிகொடுத்தோம். தடுப்பூசி வருமுன் திறந்திருந்தால் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்திருக்கும்? இந்த ஒன்றில் நான் அரசின் பக்கம்தான்.

கரையோரன்

அலைமகள் அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2021 ஜூலை 15 முதல் தடுப்பூசி போட்ட பயணிகளை அனுமதித்தார்கள் அல்லவா? அவர்கள் 14 நாட்கள் ஹோட்டல் வளாகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது விதி. ஹோட்டலில் விளக்கு எரிந்தது. எங்கள் படகுத்துறையில் ஈ காக்கை இல்லை. முதலில் திறந்த கதவுகூட எங்கள் பக்கம் திறக்கவில்லை. நல்ல காலத்திலும் இதே நிலைதான்: உணவு, பானம், விளையாட்டு எல்லாம் அறை வாடகையில் அடக்கம் என்று விற்கும் ஹோட்டலில் தங்குகிறவர் வெளியே வந்து செலவழிக்க என்ன காரணம் இருக்கிறது?

மஹேபூர் மகன்

எங்கள் பக்கத்துக் கதையையும் பதிவு செய்கிறேன். பயணிகள் இல்லாமல் போனதும் படகு வைத்திருந்த பலர் வலையை எடுத்தார்கள். கடல் கைவிடாது என்று நம்பினோம். 2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ என்ற சரக்குக் கப்பல் பொயின்த் தெனி கரைக்கு எதிரே பவளத்திட்டில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசிந்தது. சுமார் 1,000 டன் லகூனில், அதாவது பவளத்திட்டுக்கும் கரைக்கும் நடுவே உள்ள கடலில், கலந்தது. சனங்கள் கரும்புச் சோகையைச் சாக்கிலும் வலைத்துணியிலும் திணித்து, தைத்து, பிளாஸ்டிக் புட்டிகளைக் கட்டி மிதக்கவிட்டுத் தடுப்பு அமைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் முதல் பாட்டிமார் வரை மஹேபூர் கடற்கரையில் உட்கார்ந்து தைத்தார்கள். கை, துணி எல்லாம் கறுப்பு. தலைவலி வரும் நாற்றம். மீன்பிடிக்கவும் தடை வந்தது.

இரண்டாவது பிழைப்பு என்று நாம் எதை நம்பினோமோ அதுவும் அதே கடலில்தான் இருந்தது. மாற்றுத் தொழில் பற்றிப் பேசுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

பெல் மார் தோட்டக்காரி

நான் எழுத நினைத்தது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கரையில் எங்களுக்குச் சிறிய நிலம். 2020க்கு முன் ஹோட்டல்களுக்குத்தான் போட்டோம்: சுருட்டை இலை லெட்யூஸ், ரோக்கெட், செர்ரி தக்காளி, தட்டில் தூவும் சின்னச் சின்ன முளைக்கீரை. விலை நன்றாகக் கிடைக்கும். அளவும் நிறமும் சரியாக இருந்தால் போதும். மார்ச் மூன்றாம் வாரம் ஹோட்டல்கள் மூடின. வயலில் லெட்யூஸ் அறுவடைக்குத் தயார். இந்தத் தீவில் எந்த வீட்டில் மதியச் சோற்றுக்கு ரோக்கெட் இலை கேட்பார்கள்? அண்டை வீடுகளுக்குச் சும்மா கொடுத்தோம், மீதியை உழுது மண்ணில் போட்டோம்.

அதே நாட்களில்தான் மார்ச் 24 முதல் சூப்பர் மார்க்கெட்டுகள் ஒரு வாரத்துக்கு மேல் மூடிக் கிடந்தன. திறந்த பிறகும் குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படிதான் உள்ளே விட்டார்கள். நாட்டுக்கு வேண்டிய உணவில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. சனங்கள் வாசலுக்கு வந்து கேட்டது என்ன தெரியுமா? முருங்கைக் கீரை, மணத்தக்காளிக் கீரை, சேம்பு இலை, வெண்டை, பூசணி, சௌசௌ. எங்கள் வேலியோரத்தில் தானாக முளைத்ததைக் கேட்டார்கள். நாங்கள் மருந்தும் நீரும் ஊற்றி வளர்த்ததை ஒருவரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து பாதி நிலம் உள்ளூர் சமையலுக்கு. நம் தமிழ் ஆட்களின் நாள்காட்டியே எனக்கு ஒரு சந்தை. தைப்பூசக் காவடிக்கு முன்பு விரதம் இருக்கும் நாட்களில் கத்தரியும் சுரையும் பூசணியும் எவ்வளவு கொண்டுபோனாலும் போதாது. புரட்டாசி முழுக்க அசைவம் தொடாத வீடுகள் இருக்கின்றன. கோவில் அன்னதானத்துக்கு ஏழு கறி சமைக்கக் காய்கறி மொத்தமாக எடுப்பார்கள். ஹோட்டல் தரும் விலை இதில் இல்லை, ஆனால் எந்த விமானம் நின்றாலும் தைப்பூசம் வரும்.

கரையோரன் தம்பி கேட்ட ஏற்பாடு தேவைதான். அதோடு, ஹோட்டலுக்குப் போடும் தோட்டக்காரர் ஒவ்வொருவரும் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை உள்ளூர் வாய்க்கு விட்டுவைக்க வேண்டும் என்று நான் ஊர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மறுபடியும் விலை ஏறியதும் பலர் முழுக்க லெட்யூஸுக்கே திரும்பிவிட்டார்கள். எனக்கு அது பயமாக இருக்கிறது.

ஆந்த்ரேக்காரன் (ரெயூனியன்)

பக்கத்துத் தீவிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இந்த அடி 2006லேயே விழுந்தது. சிக்குன்குன்யா காய்ச்சல் ஏறத்தாழ 2 லட்சத்து 66 ஆயிரம் பேரைப் பிடித்தது, அதாவது மூவரில் ஒருவரை. 2005இல் 4 லட்சத்தைத் தாண்டியிருந்த பயணிகள் வருகை 2006இல் 3 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. 2020 வந்தபோது அந்த அனுபவம் எங்கள் விடுதிக்காரர்களுக்கு நினைவில் இருந்தது.

ஆனால் எங்கள் தீவு பிரான்சின் ஒரு பகுதி என்பதால், உண்மையில் எங்களைத் தாங்கியது பிரெஞ்சு அரசின் கஜானா. வேலை நிறுத்திவைக்கப்பட்ட தொழிலாளிக்கு நிகரச் சம்பளத்தில் 84 விழுக்காடு கிடைத்தது. தனியாகத் தொழில் செய்தவருக்கு ஒற்றுமை நிதியிலிருந்து மாதம் 1,500 யூரோ வரை. செயின்ட் ஆந்த்ரேயில் பயண வழிகாட்டியாக இருக்கும் என் மைத்துனருக்கு அது வந்தது. தீவை விட்டு வெளியே போக முடியாத ரெயூனியன் மக்களே சிலாவோஸ், மஃபாத் மலைவிடுதிகளுக்கு ஏறினார்கள். அவர்களில் பலர் மற்ற ஆண்டுகளில் விடுமுறைக்கு மொரிசியஸ் வருகிறவர்கள். 2019இல் எங்கள் தீவிலிருந்து உங்களிடம் வந்தவர்கள் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல்.

ஆகவே எங்களைப் பார்த்து நீங்கள் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. பின்னால் ஒரு பெரிய நாடு இல்லாத தீவு தானே சேர்த்து வைக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை

உள்ளூர் மக்களை வைத்துச் சமாளிப்பதை இங்கேயும் செய்து பார்த்தோம். 2020 ஜூன் முதல் குடியிருப்போருக்குப் பாதி விலை அறிவித்தோம். சனி, ஞாயிறு நிறைந்தது; திங்கள் முதல் வெள்ளி வரை தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் இல்லை. பன்னிரண்டரை லட்சம் மக்கள் உள்ள நாடு, பதினான்கு லட்சம் பேருக்குக் கட்டிய கட்டில்களை எப்படி நிரப்பும்? மின்சாரச் செலவுக்கு வந்தது, அவ்வளவுதான். ஓராண்டு வரை தங்கிக்கொண்டு தொலைவிலிருந்து வேலை செய்வோருக்கு பிரீமியம் விசா கொண்டுவந்ததும் அப்போதுதான். நல்ல யோசனை, ஆனால் அவர்கள் வாடகை வீட்டில் தங்கி வீட்டிலேயே சமைக்கிறவர்கள். படகில் எத்தனை முறை போவார்கள்?

அடுப்படி (கிராண்ட் பே)

நான் மதுரைப் பக்கத்திலிருந்து 2023இல் இங்கே ஹோட்டல் சமையலறைக்கு வந்தவன். இந்த இழையில் எங்களைப் போன்றவர்கள் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன்.

கோவிடுக்குப் பிறகு உள்ளூர் சமையல்காரர்களும் பரிமாறுகிறவர்களும் உல்லாசக் கப்பல்களுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள் என்று என் மேலாளர் சொன்னார். அந்த இடங்களில் இந்தியா, நேபாளம், வங்காளதேசம், மடகாஸ்கர் ஆட்கள் நிற்கிறோம். என் வேலை அனுமதி ஒரே முதலாளியின் பெயரில். தங்குமிடமும் அவருடையது. ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி இன்னும் ஓடுகிறது. பயணிகள் நின்றால் உங்களுக்கு வருமானம் போகும், எங்களுக்கு வருமானத்தோடு இருக்கும் இடமும் போகும். ஊருக்குத் திரும்ப விமானம் இருக்குமா என்பதே தெரியாது. நீங்கள் பேசும் சேமிப்பில் எங்களுக்கும் ஒரு வரி இருக்குமா?

அலைமகள்

தம்பி, கப்பலுக்குப் போனவர்களும் உங்கள் நிலையில்தான் இருந்தார்கள். 2020இல் என் தோழி கப்பலிலேயே மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டாள். பயணிகள் இறங்கிவிட்டார்கள், வேலைக்காரர்களை இறக்க எந்தத் துறைமுகமும் தயாராக இல்லை, நம் எல்லையும் மூடியிருந்தது. வெளியூரில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் தாய் எப்படி இருப்பாள் என்று இங்கே பல வீடுகளுக்குத் தெரியும். உங்களை விட்டுவிட்டுத் திட்டம் போட்டால் அது திட்டமே இல்லை.

மட்டுறுத்துநர்

கட்சிகளைத் திட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஹோட்டல்களின் பெயரைச் சொல்லிக் குறை எழுத வேண்டாம். மற்றபடி தொடருங்கள்.

கரையோரன்

எல்லாருக்கும் நன்றி. இப்போது என் கோரிக்கையைக் கணக்கோடு வைக்கிறேன்.

2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டுப் பயணி ஒருவரிடம் ஓர் இரவுக்கு 3 யூரோ கட்டணம் வசூலிக்கப்படுகிறது. 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆண்டுக்கு 13 லட்சத்து 80 ஆயிரம் பேர், ஒவ்வொருவரும் பத்து இரவு என்று வைத்தால் 4 கோடி யூரோவுக்கு மேல். குழந்தைகளையும் உறவினர் வீட்டில் தங்குவோரையும் கழித்து 3 கோடி என்றே வைப்போம். நம் பணத்தில் 150 கோடி ரூபாய்க்குக் குறையாது. சம்பளப் பட்டியலுக்கு வெளியே இந்தத் தொழிலை நம்பியிருப்போர் 20,000 பேர் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் வீதம் ஓராண்டு கொடுக்க 360 கோடி வேண்டும். அந்தக் கட்டணத்தை இரண்டரை ஆண்டு தொடாமல் சேர்த்தால் போதும், அடுத்த முறை ஓராண்டுக்கு ஒருவரும் கையேந்த வேண்டியதில்லை. அது பொது வரவுசெலவில் கரைந்துவிடக் கூடாது. பெயர் எழுதி, பூட்டி வைக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை

தம்பி, கூட்டல் சரியாக இருக்கிறது, நோக்கமும் எனக்குச் சம்மதம். இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, 2020க்குப் பின் ரூபாய் எப்படிச் சரிந்தது என்று பாருங்கள்: 2019 முடிவில் ஒரு டாலருக்கு 36, 37 ரூபாய் என்று இருந்தது, இரண்டே ஆண்டில் 43ஐத் தொட்டது. பயணிகள் நின்றால் அந்நியச் செலாவணி நிற்கும், ரூபாய் விழும், இறக்குமதி அரிசியும் எண்ணெயும் ஏறும். உங்கள் 15,000க்கு அப்போது 12,000 மதிப்புதான் இருக்கும். ஆகவே அந்த நிதியை யூரோவாகவே வைத்திருக்க வேண்டும் என்று கோரிக்கையில் சேருங்கள்.

இரண்டாவது, நான் முதலில் சொன்ன பட்டியல். படகு உரிமம், கடற்கரை வியாபார உரிமம் இரண்டையும் அரசு அமைப்புகளே தருவதால் உரிமதாரரின் பெயர் அங்கே இருக்கிறது. படகில் நங்கூரம் போடும் பையனின் பெயர் எங்கே இருக்கிறது? கரியில் மீன் வாட்டிப் பரிமாறும் பெண்ணின் பெயர்? உங்கள் தந்தையோடு வேலை செய்கிறவர்களுக்குச் சமூகப் பங்களிப்புத் தொகை (வேலை கொடுப்பவரும் செய்பவரும் கூலியில் ஒரு பங்காக அரசுக்குக் கட்டுவது) கட்டப்படுகிறதா?

கரையோரன்

இல்லை ஐயா. நாள் கூலிதான். துறையில் எல்லாப் படகிலும் அப்படித்தான். தந்தையிடம் பேசினேன், கட்டினால் கூலியில் குறையும் என்று அந்தப் பையன்களே வேண்டாம் என்கிறார்களாம்.

பெல் மார் தோட்டக்காரி

எங்கள் வயலிலும் களையெடுக்க வரும் பெண்கள் அதையேதான் சொல்கிறார்கள். நான் என் பங்கோடு அவர்கள் பங்கையும் சேர்த்துக் கட்டத் தொடங்கிவிட்டேன். பெரிய தொகை இல்லை. படகுக்காரர்களும் நல்ல பருவமான நவம்பர் முதல் ஜனவரி வரைக்காவது அப்படிச் செய்யலாம், கையில் பணம் புழங்கும் மாதங்கள் அவை.

கணக்குப்பிள்ளை

அம்மா சொல்வது நடைமுறைக்கு ஒத்துவரும். துரூ தோ தூஸ் படகுக்காரர்களில் விருப்பமுள்ளவர்களுக்குப் படிவம் நிரப்பித் தர நான் வருகிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம். சனிக்கிழமை பிற்பகல் கோவில் மண்டபம் கிடைக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள். படகின் உரிமமும், உதவியாட்கள் ஒவ்வொருவரின் அடையாள அட்டையும், வங்கிக் கணக்கு எண்ணும் இருந்தால் போதும். அடுப்படி தம்பி, நீங்களும் உங்கள் ஒப்பந்தத்தின் நகலோடு வாருங்கள். வேலை நின்றால் ஊருக்குத் திரும்பும் டிக்கெட் யார் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கிறதா என்பதைச் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.